மூக்கு நிமிர்ந்த பிக்கப்

ஆனந்தராஜா தன்னுடைய பிக்கப் வண்டிக்குப் பெரிய சில்லுப் பூட்டப் போகிறார் என்ற கதை டென்மார்க்கின் வைலே நகரத் தமிழரிடம் பரவியபோது, ஐம்பத்தெட்டு வயதில் மனுசனுக்கு இளந்தாரிக் குணம் திரும்பிவிட்டது என்றுதான் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

உள்ளது இதுதான். பெப்ரவரியில் கண் டொக்டர் அவரை ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னாள். தெரியாத புள்ளிக்கும் அவர் இரண்டு மூன்று தரம் குத்துமதிப்பாக அமத்திப் பார்த்தார். இயந்திரத்தை ஏய்க்க முடியவில்லை. வலக்கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது, வலப்பக்கத்தில் வருவது அவருக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் முழுதாகச் சோதித்து முடியும்வரை வாகனம் ஓடவே கூடாது என்று அவள் டெனிஷில், பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னாள். விளங்கியதா என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் அவர் "யா, யா" என்று தலையாட்டினார். நன்றாக விளங்கித்தான் தலையாட்டினார்.

அந்த வீட்டில் யார் டொக்டரிடம் போனாலும் கூட ஒருவர் போவது வழக்கம். முன்பு மகள் துவாரகா போய் மொழிபெயர்ப்பாள். அவள் ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போன பிறகு அது மனைவி ஞானேஸ்வரியின் வேலையாயிற்று. முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருசம் வேலை செய்தவளுக்கு டெனிஷ் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு மட்டும், "உமக்கு ஏன் வீணா லீவு? நான் சமாளிப்பன்," என்று ஆனந்தராஜா தனியாகப் போயிருந்தார். திரும்பி வந்து, "வயசுக்கு வாறதுதான். துளி மருந்து தந்திருக்கினம்," என்றார். மருந்து தந்தது பொய்யில்லை. மற்றதைத்தான் விழுங்கிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு பிக்கப்பையே மறைக்கப் பார்த்தார்.

ஏன் மறைத்தார் என்று கேட்டால், அந்த மனுசனிடம் வேறு என்ன இருந்தது? இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசம் நின்று, தோள்மூட்டுத் தேய்ந்து, வேலை போன பிறகு அவரை நாலு பேர் மதிக்க வைத்தது அந்தப் பிக்கப்தான். ஒரு தமிழ்க் குடும்பம் வீடு மாறினாலும், கலியாண மண்டபத்துக்கு மணவறை போக வேண்டுமென்றாலும், கோயிலுக்கு அரிசி மூட்டை இறக்க வேண்டுமென்றாலும், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்க வேண்டுமென்றாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும். "ஆனந்தண்ணை, ஒருக்கா வாறியளோ?" என்று கேட்பார்கள். அவரும் சாப்பிட்ட கையைக் கழுவினாரோ இல்லையோ, ஓடுவார். பிக்கப் நின்றால் அந்தக் குரல்களும் நின்றுவிடும். கண் போவதைவிட அதற்குத்தான் அவர் கூடப் பயந்தார்.

அதனால் தொடர்ந்து ஓடினார். மார்ச்சில் யாரோ ஒரு டெனிஷ்காரரின் தபால்பெட்டி சரிந்தது. ஏப்ரலில் வலப்பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் பட்டு மடங்கிப்போயிற்று. டென்மார்க்கில் ஓடுவது வீதியின் வலப்பக்கம், நடைபாதைக் கட்டில் வலப்பக்கச் சில்லு உரசுவது நாளாந்தம் நடந்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரும் பிழையை வாகனத்தில்தான் கண்டுபிடித்தார். பிக்கப் என்றால் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும்தான் கட்டுவார்கள், பாரம் ஏற்றினால் சமமாகிவிடும். அது அப்படி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்பதால்தான் தனக்கு ஓரம் தெரியவில்லை, பெரிய சில்லுப் போட்டு முன்பக்கத்தையும் உயர்த்திவிட்டால் மேலேயிருந்து எல்லாம் தெரியும் என்று அவர் மனதைத் தேற்றினார். அந்தத் தேற்றலைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொண்டார்.

நிரோஜனின் ரயர் கடை பட்டினத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் இருந்தது. பொடியன் டெனிஷ் பொலிரெக்னிக்கில் படித்தவன், வாயும் கையும் ஒன்றாக வேலை செய்யும். ஆனந்தராஜா கேட்டதைக் கேட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"அண்ணை, இந்த இருபது அங்குல றிம் பாக்கத்தான் வடிவு. ரயர் மெலிசாப் போயிடும். நீங்கள் மூட்டை ஏத்திக்கொண்டு கல்லு ரோட்டிலை போக, குலுக்கிற குலுக்கிலை உங்கடை பல்லுக் கழண்டிடும்."

"அப்ப பதினெட்டு. ரயர் மொத்தமா, கட்டை கட்டையாப் பல்லு வைச்சது."

"அது வளைக்கேக்கை சில்லுக்கூட்டிலை முட்டும்."

"அதுக்குத்தானே தம்பி முன்பக்கத்தை உயர்த்தச் சொல்லுறன்."

நிரோஜன் மேசைக்கடியிலிருந்து ஒரு மொத்தமான உலோக வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். முன் ஸ்பிரிங்குக்கு மேல் இதை வைத்துப் பூட்டினால் மூக்கு இரண்டு அங்குலம் நிமிரும், முன்னும் பின்னும் சமமாகிவிடும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பூட்டலாம். பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பாஸ் பண்ணியும் தருவன். ஆனா ஒண்டு சொல்லிப்போடுறன். மூக்கை நிமித்தினா தூரம் தெரியும், கிட்டடி தெரியாது. பின்னுக்குப் பாரம் ஏத்தினா இன்னும் மோசம். பின்பக்கம் அமந்து, பொனெற் வானத்தைப் பாக்கும்."

ஆனந்தராஜா அந்த வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். தூரம் தெரியும் என்ற பாதி காதில் விழுந்தது. மற்றப் பாதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய சில்லுகளைக் கழற்றி வரிசையாகச் சுவரில் சாய்த்தபோது நிரோஜன் சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். இடப்பக்க றிம் இரண்டும் கடையில் வாங்கின மாதிரி இருந்தன. வலப்பக்கத்தவை இரண்டையும் நாய் கடித்துத் துப்பியதுபோல் இருந்தது.

"என்னண்ணை இது, வலப்பக்கம் மட்டும்?"

"ஞானம் ஓடினவ," என்றார் ஆனந்தராஜா. "அவவுக்கு ஓரம் மட்டுக்கட்டத் தெரியாது."

நிரோஜன் சிரித்தான். ஆனந்தராஜாவும் கூடச் சிரித்தார். ஞானேஸ்வரி அந்தப் பிக்கப்பின் ஓட்டுநர் சீற்றில் இருந்ததே இரண்டு தரம்தான், அதுவும் சோபா ஏற்ற அவர் இறங்கி நின்றபோது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு வாய் கசந்தது.

பரிசோதனை நிலையத்தில் லைற்றின் உயரத்தைத் திருத்தி, அளவெல்லாம் பார்த்து, வியாழக்கிழமை பிக்கப்பை ஒப்படைத்தார்கள். முதல் பத்து நிமிடம் ஆனந்தராஜா ராசாவாக ஓடினார். முன்னால் போகிற கார்களின் கூரை தெரிந்தது, பாலத்துக்கு அப்பால் கடல்நீர் தெரிந்தது. பதினோராம் நிமிடம், சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது, ஒரு சைக்கிள்காரி நிலத்துக்குள்ளிருந்து முளைத்தவள்போல் பொனெற்றுக்கு முன்னால் நின்றாள். பின் இருக்கையில் தொப்பி போட்ட ஒரு குழந்தை. அவள் கையால் பொனெற்றில் அடித்து ஏதோ கத்திவிட்டுப் போனாள்.

அவர் வாகனத்தை ஓரங்கட்டி நிறுத்தினார். முன்பென்றால் அரையும் குறையுமாவது தெரிந்திருக்கும், இப்போது அதுவும் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. காசைக் கொடுத்துக் குருட்டை வாங்கியிருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னார். நிரோஜனிடம் திரும்பிப் போய்க் கழற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பானே. அந்த ஏனுக்குப் பயந்து அவர் வீட்டுக்கே ஓடிப்போனார்.

வீட்டில் ஞானேஸ்வரி சில்லுக்கடியில் வைத்து நசுக்கத் தேசிக்காய் நாலு வாங்கி வைத்திருந்தாள். புது வாகனத்துக்குத்தான் பூசை, சில்லுக்குமா என்று கேட்டால், அவளுக்கு அவளுடைய நியாயம் இருந்தது. "ஊரெல்லாம் உந்தச் சில்லைப் பற்றித்தான் கதை. கண்ணூறு பட்டுக் கிடக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரைக் கொண்டு கழிப்பம்." சரி என்றார் அவர். பூசை முடியட்டும், பிறகு ஏதாவது சொல்லிச் சமாளித்துப் பிக்கப்பை விற்றுவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு ஒரு நாள்தானே.

கோயில் ஒரு பழைய தளபாடத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தது. பகல் பூசை முடிந்து சனம் சோறு சாப்பிடுகிற நேரம், வாகனத் தரிப்பிடத்துச் சரளைக்கல்லில் பிக்கப் நின்றது. தன் கைவேலைக்குப் பூசை என்று நிரோஜனும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஐயர் கட்டையான மனுசன். பொனெற்றுக்குச் சந்தனம் வைக்க அவருக்கு எட்டவில்லை. சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, கோயில் அடுப்படியில் சமைக்கிற யோகம்மா தோளைக் கொடுக்க, அவர் ஏறி நின்று பொட்டு வைத்தார். "ஆனந்தராஜா, அடுத்த முறை ஏணியும் கொண்டு வாரும்," என்று ஐயர் சொல்ல, சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார்கள். ஞானேஸ்வரி சாம்பல் நிறக் காஞ்சிபுரம் உடுத்து, தட்டத்தோடு இடப்பக்கத்தில், அவருடைய யன்னலுக்கு நேரே நின்றாள். ஆனந்தராஜா ஏறி இருந்து வாகனத்தை இயக்கினார்.

ஐயர் இடப்பக்க முன் மூலையில் நின்று தேங்காயை உடைத்தார். கற்பூரத்தட்டைச் சுற்றினார். கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனந்தராஜா ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் கையை மேலே தூக்கி ஆட்டினார்.

பொறு என்றுதான் ஐயர் ஆட்டினார். வலப்பக்க முன்சில்லுத் தேசிக்காய் சரிவில் உருண்டுவிட்டது. அதை எடுத்து வைக்க, தட்டத்தை யோகம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஞானேஸ்வரி வாகனத்துக்கு முன்னாலேயே கடந்து போய்க் குனிந்திருந்தாள். இருபது பேரும் அதைக் கண்டார்கள். ஓட்டுநர் சீற்றில் இருந்த ஒருவர் மட்டும் காணவில்லை. போகலாம் என்று ஐயர் சொல்கிறார் என்று எண்ணி அவர் பிறேக்கிலிருந்து காலை எடுத்தார்.

முதலில் யோகம்மாவின் குரல்தான் கேட்டது. பிறகு எல்லாருடைய குரலும் கேட்டது. நிரோஜன் இரண்டு கையாலும் கதவில் அடித்தான். ஆனந்தராஜா பிறேக்கை மிதித்தபோது பிக்கப் மூன்றடி நகர்ந்திருந்தது.

அவர் எப்படி இறங்கினார், எப்படிச் சுற்றி வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஞானேஸ்வரி பக்கத்துக்கு விலகி விழுந்து சரளைக்கல்லில் இருந்தாள். கை காலுக்கு ஒன்றுமில்லை. சீலைத் தலைப்புச் சில்லுக்குள் போய்விட்டது. அந்த மொத்த ரயர் அதன்மேல் ஏறி நிற்க, தோள் கீழே இழுபட்டு, அவள் எழும்ப முடியாமல் சாய்ந்தபடி இருந்தாள். ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள்.

"நான் குனிஞ்சதை நீங்கள் காணேல்லையோ?" என்றாள்.

இருபது பேரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். காணவில்லை என்றால் ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு, அதோடு எல்லாம் முடிந்தது.

"கண்டனான்," என்றார் ஆனந்தராஜா.

ஞானேஸ்வரி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். "கண்டுகொண்டோ எடுத்தனீங்கள்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள். இருபத்தெட்டு வருசத்தில் அந்த முகத்தில் அவர் கோபத்தைப் பார்த்திருக்கிறார், அலுப்பைப் பார்த்திருக்கிறார், பேசாமல் இருந்த கிழமைகளைப் பார்த்திருக்கிறார். தன்னைக் கண்டு அவள் பயந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் அவளுக்கு முன்னால் சரளைக்கல்லில் இருந்துவிட்டார்.

"இல்லை, ஞானம். காணேல்லை. வலப்பக்கம் எனக்கொண்டும் தெரியாது. வாகனம் ஓட வேண்டாம் எண்டு டொக்டர் பெப்ரவரியிலையே சொன்னவ."

நாலு மாதத்தில் தங்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பிக்கப்பில் ஏற்றிவிட்ட நாட்களை அந்த இருபது பேரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். நிரோஜன் ஏறி இருந்து, வாகனத்தை மெல்லப் பின்னுக்கு எடுத்தான். இறங்கிவந்து சாவியைத் தன்னுடைய காற்சட்டைப் பைக்குள் போட்டான். ஆனந்தராஜா அதைத் தடுக்கவில்லை.

யோகம்மா ஞானேஸ்வரியைத் தூக்கி நிறுத்தினாள். கிழிந்த தலைப்பை ஞானேஸ்வரி தோளைச் சுற்றிப் போர்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்து கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள். நின்றது வலப்பக்கம். அவர் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார், அவள் வந்ததே தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்த்தாள். பிறகு சுற்றி இடப்பக்கம் போனாள்.

"கண் போனதுக்கு நான் உங்களோட இருந்து அழுவன்," என்றாள். "ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிக்கொண்டு போவன். அதில்லை. கண்டனான் எண்டு சொன்னீங்களே. அந்தச் சாவி கையிலை இருந்தாப் போதும், இவள் என்னைக் கொலைகாரன் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை எண்டு உங்களுக்கு இருந்ததோ?"

ஆனந்தராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓம் என்பதுதான் பதில். அவள் அதைத் தெரிந்துகொண்டு, யோகம்மாவின் கையைப் பிடித்தபடி உள்ளே போனாள்.