அண்ணனின் குரல் இருந்த டிஸ்க்

ஸ்விட்சைத் தட்டியதும் புதுக் கம்ப்யூட்டரின் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. தங்கை மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே ஒரு சுற்று, அதே நிசப்தம்.

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, தன் கையால் பூட்டிய முதல் கம்ப்யூட்டர் இது. பழையது போன வாரம் கண்ணை மூடிவிட்டது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி இதில் மாட்டியிருந்தாள். அந்த டிஸ்கில்தான் அண்ணனின் குரல் இருந்தது.

அண்ணன் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் இந்தக் கோடியில் கூவினால் அந்தக் கோடியில் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவார். தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஆபரேஷனுக்கு முன்பே அவரை மைக் முன்னால் உட்கார வைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள் தங்கை. அந்தப் பதிவுகளைக் கொடுத்தால், அவர் டைப் செய்வதை அவர் குரலிலேயே பேசிக் காட்டும் மென்பொருள் ஒன்று இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் அது தள்ளிக்கொண்டே போய்விட்டது.

இப்போது அண்ணன் பக்கத்து அறையில், கழுத்தில் கட்டோடு, அவள் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.

மெமரிப் பட்டைகளைக் கழற்றி, துடைத்து, மறுபடி அழுத்தினாள். பலனில்லை. பிறகு ஒவ்வொரு பாகமாகப் பிரித்துவிட்டு ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாள். பழைய டிஸ்கின் கரன்ட் கேபிளை உருவியதும் ஃபேன் நிற்காமல் ஓடியது. திரையில் வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்குப் பாதியிலேயே மூச்சு அடைத்தது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதென்றால், கோளாறு டிஸ்கில்தான்.

குனிந்து முகர்ந்தாள். லேசாகத் தீய்ந்த வாடை.

பாகங்கள் வாங்கிய கடையின் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிஸ்குக்குப் போகும் கரன்ட் கேபிள் எங்கிருந்து வந்தது என்றார். புதியது எட்டவில்லை, பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்து மாட்டினேன், முனை கச்சிதமாகப் பொருந்தியது என்றாள்.

"முனை ஒரே மாதிரிதான் மேடம் இருக்கும். உள்ள கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்க் தாங்காத கரன்ட் போயிருக்கும். இனிமே அதை எதுலயும் மாட்டிப் பார்க்காதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க."

பிழைக்குமா என்று கேட்டாள். பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

போனை வைத்தாள். நிமிர்ந்தால் வாசற்படியில் அண்ணன். என்ன என்று புருவத்தைத் தூக்கினார். மென்பொருள் இறங்க நேரமாகும் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அண்ணா, நான் கேபிளை மாத்தி மாட்டிட்டேன். உன் குரல் இருக்கிற டிஸ்க் எரிஞ்சுபோச்சோன்னு பயமா இருக்கு."

அவர் அப்படியே நின்றார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டவும் அவரிடம் குரல் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அண்ணன் செல்போனில் டைப் செய்து காட்டினார்: நானும் வர்றேன். சட்டை மாத்திக்கிறேன். மாற்றிக்கொண்டு வந்தபோது பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

பஸ்ஸில் டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடையில் மெக்கானிக் டிஸ்கின் அடியிலிருந்த பச்சை சர்க்யூட் அட்டையைக் கழற்றி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அரிசி அளவுக்கு ஒரு பாகம் கருகியிருந்தது. கரன்ட் எகிறினால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை என்றார்.

"காப்பாத்திடுச்சா?" என்றாள்.

"எடுத்துட்டா தெரிஞ்சிடும்."

ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை வைத்து அதை நீக்கினார். அட்டையைப் பொருத்தி, தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். தங்கை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் மேஜை வரை குனிந்து காதைக் கொடுத்தார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், கொசு ரீங்காரம் போல, டிஸ்க் சுழலும் மெல்லிய சத்தம். அண்ணன் அவள் தோளைத் தட்டினார்.

சந்தோஷப்பட மெக்கானிக் நேரம் தரவில்லை. இனி இந்த டிஸ்குக்குக் காவல் கிடையாது, முதலில் பிரதி எடுத்தாக வேண்டும் என்று வேறொரு டிஸ்கை இணைத்தார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, முக்கால்வாசியில் நின்றது. மெக்கானிக் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோடு மறுபடி அசைந்து, ஊர்ந்து, முடிவு வரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மதியம், சரியான கேபிள்களோடு ஓடிய அந்தக் கம்ப்யூட்டரின் முன் அண்ணன் உட்கார்ந்தார். மென்பொருள் பதிவுகளைப் படித்து முடித்திருந்தது. எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"பயந்துட்டியா?"

அண்ணனின் உதடு மூடியிருக்க, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அவர் குரல் வந்தது. மயிர்க்கூச்செறிந்து தங்கை ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவரேதான். ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாமல், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

"உயிரே போயிடுச்சு அண்ணா," என்றாள்.

அவர் மறுபடி எழுத்துகளைத் தேடினார். இந்த முறை வெகுநேரம் ஆயிற்று.

"எனக்கும்," என்றது பெட்டி.