அமலாவைப் பற்றிக் கீதாஞ்சலி எழுதியது

அமலா பாடுவாள் என்பது கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பாடுவாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் முப்பத்தொரு வருஷமாக அவளை யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பாட விட்டதில்லை.

கணவர் கோவிந்தராஜனுக்குக் கிடர்பூரில் துறைமுக வேலை. அவரோடு கல்கத்தாவுக்கு வந்தவள், அவர் ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் எந்த விழா நடந்தாலும் கடவுள் வாழ்த்து அமலாதான். பாடி முடித்துக் கீழே இறங்குவாள். சென்னையிலிருந்து வந்த வித்வான் மேலே ஏறுவார். அவர் இரண்டரை மணி நேரம் பாடுவார். அமலா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவாள்.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பெரிதாக எதுவும் இல்லை. பின்னால் தன் பெயர் போட்ட துணி ஒன்று தொங்க வேண்டும். தோடி ராகத்தை அவசரப்படாமல், யாரும் மணி பார்க்காமல், ஒரு தடவை மேடையில் பாடி முடிக்க வேண்டும். வீட்டில் தினமும் பாடுகிறாளே என்பீர்கள். வீட்டில் குக்கர் மூன்று சத்தம் போட்டால் போய் அணைக்க வேண்டுமே, என்ன செய்வது?

இப்படி இருக்கையில் சாய்பிரியா வந்தாள். நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண். கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் கலைஞர்களை எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டால், யாருக்கு யார் வேண்டுமோ தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. படம், தொலைபேசி எண், தன்னைப் பற்றி நூறு வார்த்தை, கீழே அழைத்தவர்கள் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுத ஓர் இடம். டைரக்டரி என்று பெயர் வைத்து எல்லாருக்கும் படிவம் அனுப்பினாள்.

இருபத்து மூன்று படிவங்கள் திரும்பி வந்தன. அவற்றைப் படித்துவிட்டு அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். ‘ஏதோ கொஞ்சம் பாடுவேன்.’ ‘சுமாராக வாசிப்பேன், பெரியவர்கள் ஆசீர்வாதம்.’ இருபது வருஷம் மிருதங்கம் வாசித்த மகாதேவன், ‘தட்டுவது உண்டு’ என்று எழுதியிருந்தார். தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதிக்கொள்வதாவது! அப்படி எழுதிவிட்டு, மறுநாள் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கும்போது தெரிந்தவர்களை எந்த முகத்தோடு பார்ப்பது?

சாய்பிரியா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரும் தன்னைப் பற்றி எழுத வேண்டாம். ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதட்டும். அமலாவைப் பற்றி அவளுடைய இருபது வருஷ சிநேகிதி, பிடில் வாசிக்கிற கீதாஞ்சலி எழுதுவாள். கீதாஞ்சலியைப் பற்றி அமலா எழுதுவாள்.

அமலா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். ‘வித்வத்தின் ஆழம் கண்டவர். ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் வாசிக்கக்கூடியவர். இவருடைய வாசிப்பை ரசிக்க, கேட்பவர்களுக்கும் ஞானம் வேண்டும்.’ சிநேகிதி மேல் பிரியம் இருந்தது உண்மைதான். ஆனால் நாம் இவ்வளவு கொடுத்தால் அவளும் இவ்வளவாவது திருப்பிக் கொடுப்பாள் என்ற நினைப்பும் அதில் கொஞ்சம் இருந்தது. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டைரக்டரி வெளிவந்த அன்று அமலா தன் பக்கத்தைத் திறந்து படித்தாள். ‘மிகவும் அனுசரணையானவர். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அதற்குள் முடித்துக்கொள்வார். மைக் இல்லாவிட்டாலும் குறை சொல்ல மாட்டார். இதுவரை முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.’

இரண்டு தடவை படித்தாள். பாட்டு என்ற சொல் எங்காவது வருகிறதா என்று மூன்றாவது தடவை தேடினாள். வரவில்லை.

கீதாஞ்சலியோ தன் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்கலங்கி, தட்டை ஒரு டப்பா எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தாள். அமலாவைப் பற்றி அவள் எழுதியதும் மனசாரத்தான். அமலாவிடம் அவள் மிகவும் மதிக்கிற குணங்கள் அவைதாம். அமலா காபி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

பிறகு அழைப்புகள் வர ஆரம்பித்தன. எல்லாம் அமலாவுக்கு.

பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா. நியூ டவுன் கம்பெனியில் பொங்கல். ஒரு கிளப் நடத்திய ரத்ததான முகாம். இருபது பேர் கையில் ஊசியோடு படுத்திருக்க, அமலா நடுவில் நின்று பிள்ளையார் பாட்டு பாடினாள். ஓர் அடுக்குமாடி வீட்டில் புதிதாக லிஃப்ட் போட்டார்கள். லிஃப்டுக்கு முன்னால் பாடினாள். எங்கே போனாலும் ஐந்து நிமிஷம். வீடு திரும்புவதற்குள் ஐந்து நட்சத்திரம் வந்துவிடும். ‘நான்கே நிமிஷத்தில் முடித்தார். மிக நல்ல அம்மா.’ ‘ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடித்ததும் தெரியவில்லை.’ கோவிந்தராஜன் சவரம் செய்துகொண்டே அவற்றைச் சத்தமாகப் படிப்பார். மனைவி புகழ் பெறுவதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

கீதாஞ்சலியை ஒருவரும் அழைக்கவில்லை. பத்து மாதத்தில் ஒரே ஓர் அழைப்பு. அதுவும் அமலாவுக்கு லைன் கிடைக்கவில்லை, வேறு எண் இருந்தால் கொடுங்கள் என்று. அதற்குப் பிறகு அவள் அமலா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

துர்கா பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நியூ டவுனில் ஒரு பெரிய குடியிருப்பின் பூஜை கமிட்டி செக்ரெட்டரி பேசினார். இந்த வருஷம் அவர்கள் பந்தலைத் தென்னிந்தியக் கோயில் மாதிரி கட்டுகிறார்களாம். பூஜையின் ஏழாம் நாளான சப்தமி அன்று மாலை அந்தக் கோபுரத்துக்கு எதிரே ஒரு தென்னிந்தியக் கச்சேரி இருந்தால் பொருத்தமாக இருக்கும். அமலா இரண்டு மணி நேரம் கேட்டாள். அவர் ஒரு மணி நேரம் தந்தார். பின்னால் பெயர் போட்ட துணி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார். போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றாள்.

கச்சேரி என்றால் பக்கவாத்தியம் வேண்டும். மகாதேவன் மிருதங்கத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார். பிடிலுக்குக் கீதாஞ்சலியை விட்டால் ஆள் இல்லை. அமலா ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் கீதாஞ்சலி வீட்டுப் படியேறினாள்.

கீதாஞ்சலி கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“என்னடி, கல்கத்தால லிஃப்ட் எல்லாம் தீந்து போச்சா?”

அமலா விஷயத்தைச் சொன்னாள். கீதாஞ்சலி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“ஞானம் வேணும்னு எழுதினியே. எனக்கு ஞானம் இருக்குன்னு சொல்லிண்டு எவன்டி ஃபோன் பண்ணுவான்? ஜனங்கள பயமுறுத்தி வெச்சுட்டே.”

“நீ எழுதினது மட்டும் என்னவாம். டாக்ஸிக்கு எழுதறாப்ல எழுதியிருக்கே. டயத்துக்கு வரும், சொன்ன எடத்துல நிக்கும்.”

“நெஜத்தைத்தானே எழுதினேன்.”

“நானும் நெஜத்தைத்தான் எழுதினேன்.”

உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டுக் கீதாஞ்சலி ஓடினாள். அங்கிருந்தபடியே, மெயின் ராகம் என்ன என்று கேட்டாள். தோடி என்றாள் அமலா. ஒரு மணி நேரத்தில் தோடியா என்றாள் கீதாஞ்சலி. ஆனால் அந்தக் குரலில் முன்னிருந்த கோபம் இல்லை. பீரோ மேலிருந்து பிடில் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.

சப்தமி அன்று ஊர் கூட்டத்தில் எப்படித் திணறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக் கச்சேரிக்கு இரண்டு மணிக்கே வண்டி ஏறினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஐந்தேமுக்கால். மூங்கிலும் தெர்மோகோலுமாகக் கோபுரம் ஏழு நிலைக்கு நின்றது. மேடையில் துணி தொங்கியது. அமலாவின் பெயரும் இருந்தது. ஒரு சோப்புக் கம்பெனியின் பெயருக்குக் கீழே, அதில் பாதி அளவில். அமலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவிந்தராஜன் மூன்று படம் எடுத்தார்.

குழந்தைகள் நடனம் நீண்டுவிட்டது. அதற்குப் பிறகு சிறந்த சங்கு ஊதுகிறவருக்குப் பரிசு கொடுத்தார்கள். ஏழு மணிக்கு துனுச்சி நடனப் போட்டி. சாம்பிராணி புகையும் மண்சட்டியைக் கையில் ஏந்தி ஆடுவது. அதற்குத்தான் கூட்டமே வந்திருந்தது. தலைமை விருந்தினரும் அதற்குத்தான் வருகிறார். அமலாவும் மற்ற இருவரும் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்தபோது மணி ஆறு ஐம்பது.

செக்ரெட்டரி மேடை ஓரம் வந்து குனிந்தார். நல்ல மனிதர், முகமெல்லாம் வேர்வை.

“மாஷிமா, பத்து நிமிஷம்,” என்றார் வங்காளத்தில், பெரியம்மா முறை வைத்து. கையோடு கைபேசியில் அவளுடைய பக்கத்தையே திறந்து காட்டினார். “நீங்கள் அனுசரித்துப் போவீர்கள் என்று இதில் எழுதியிருக்கிறது.”

அமலா கீதாஞ்சலியைத் திரும்பிப் பார்த்தாள். கீதாஞ்சலி பிடிலின் தந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமலா, முப்பத்தொரு வருஷப் பழக்கம், தலையை ஆட்டினாள். செக்ரெட்டரி நன்றி சொல்லி இறங்கினார்.

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு தோடியைத் தொடங்கினாள்.

பத்து நிமிஷம் ஆனது. செக்ரெட்டரி மேடை ஓரம் வந்து நின்றார். அவருக்கு ஒரு சங்கடம். ராக ஆலாபனையில் வார்த்தை கிடையாதல்லவா? அவர் இதைத் தொண்டையைச் சரிசெய்துகொள்வது என்று நினைத்துவிட்டார். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்காத பாட்டை எப்படி நிறுத்துவது? காத்திருந்தார். அமலா பதினெட்டு நிமிஷத்தில் முடித்து மூச்சு விட்டாள். அப்பாடா என்று அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் கீதாஞ்சலி வில்லை எடுத்துவிட்டாள்.

பத்து மாதம் யாரும் அழைக்காத கை அது. பதினாறு நிமிஷம் வாசித்தாள்.

அதன் பிறகுதான் பாட்டு வந்தது. இப்போது நிறுத்தச் சொல்வது முறையில்லை, இப்போதுதானே ஆரம்பிக்கிறார்கள் என்று செக்ரெட்டரி ஒதுங்கி நின்றார். தலைமை விருந்தினர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். துனுச்சிக்காரர்களின் சட்டியில் தேங்காய் நார் எரிந்து அணைந்து, மறுபடி பற்றவைத்து, மறுபடியும் அணைந்தது. கோவிந்தராஜன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகாதேவன் சும்மா இருப்பாரா? தன் பங்குக்கு அவரும் ஒரு தனி வாசித்தார். மேடை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அமலாவின் கண்தான் மூடியிருந்ததே.

மொத்தம் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். முடித்தபோது அப்படி ஒரு கைத்தட்டல். எதற்காக அப்படித் தட்டினார்கள் என்று நமக்குத் தெரியும். அமலாவுக்கு ஏன் தெரிய வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் சாய்பிரியா தயங்கித் தயங்கி போன் செய்தாள். செக்ரெட்டரி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். ‘பத்து நிமிஷம் கொடுத்தோம். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் பாடினார். அதில் பாதி நேரம் ஒரே ராகம். விளக்கை அணைத்தும் நிறுத்தவில்லை. பிடில் வாசித்த அம்மாள் இன்னும் மோசம்.’

கமிட்டிக்காரரிடம் பேசி அதை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள் சாய்பிரியா.

அமலா அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எடுத்துடாதேம்மா,” என்றாள். “எல்லாத்துக்கும் மேல வர்றாப்ல வெக்க முடியுமான்னு பாரு.”

அதன் பிறகு லிஃப்டுக்கும் ரத்ததானத்துக்கும் யாரும் அவளை அழைக்கவில்லை. அழைப்பே இல்லை. ஆனால் லேக் மார்க்கெட்டில் அவள் கறிவேப்பிலை வாங்க நின்றால், தெரிந்தவர்கள் கொஞ்சம் விலகி வழிவிட ஆரம்பித்தார்கள். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷமாமே, விளக்கை அணைத்துமா என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். சென்னை வித்வான்களைப் பற்றி மட்டுமே அவர்கள் அதுவரை அந்தக் குரலில் பேசியிருந்தார்கள்.

கீதாஞ்சலிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. விஜயதசமி கழிந்த மறுநாள் காலையிலேயே அமலா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். ‘பிடில் வாசித்த அம்மாள்’ என்றால் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? தன் பக்கத்தில் ஒரு கருத்துகூட இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறதே. அந்தக் கருத்தைத் தன் பக்கத்திலும் போட முடியுமா என்று சாய்பிரியாவிடம் கேட்டாள், அழைத்தவர்தான் வந்து எழுத வேண்டும் என்றுவிட்டாள் அவள். அதனால் அமலாவின் போனிலிருந்து கீதாஞ்சலியே செக்ரெட்டரிக்குப் பேசினாள்.

பாவம், மன்னிப்புக் கேட்கத்தான் அழைக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். வருத்தப்படாதீர்கள், நடந்தது நடந்துவிட்டது என்று ஆறுதல் சொன்னார். கீதாஞ்சலி தனக்குத் தெரிந்த வங்காளத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். வருத்தம் எல்லாம் இல்லை. தன் பெயர் கீதாஞ்சலி. தனக்கும் அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. தோடியில் பதினாறு நிமிஷம் தான் தனியாக வாசித்ததையும், அவரால் தன்னை நிறுத்த முடியாமல் போனதையும் அதில் வந்து எழுத வேண்டும்.

பிறகு அவர் ஏதோ கேட்டார். கீதாஞ்சலி போனைக் கையால் பொத்திக்கொண்டு அமலாவிடம் திரும்பினாள்.

“எத்தனை ஸ்டார் போடணும்னு கேக்கறார்டி.”

“ஒண்ணு போதும்னு சொல்லு,” என்றாள் அமலா. “ரெண்டு போட்டான்னா மறுபடி எவனாவது கூப்ட்டுடுவான்.”