அனுப்பாத தகரம்

கீழே நின்றவள் தகரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு முடிச்சை இறுக்கினாள். பிறகு கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள். மேலே இருந்த புருஷன் இழுக்கத் தொடங்கினான். பத்தடி நீளம், நெளி நெளியான மெல்லிய தகரம். தூக்கினால் கனமே தெரியாது. கனமில்லாததுதான் வினை. காற்றடித்தால் பிடித்திருக்கிற ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கிடங்குக்குக் கூரை போடுகிற வேலை. மேலே புருஷனும் அவன் தம்பியும். தம்பி ஒல்லி, அதனால் எல்லோருக்கும் அவன் கம்பி. இரும்புச் சட்டங்களின் மேல் தகரத்தைப் பரப்பி ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கால் வைப்பதென்றால் ஸ்க்ரூ வரிசை மேல்தான் வைக்க வேண்டும், அதற்கடியில்தான் சட்டம் இருக்கும். ஆனால் வேலை சீக்கிரம் முடிந்த மாதிரி தெரிய மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். முதலில் மூலைக்கு ஒரு ஸ்க்ரூ, கூரை முழுக்க மூடின பிறகு மீதி. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மேலே நடக்கிறவனுக்கு வரிசையே இல்லை, சட்டம் எங்கே வெறும் தகரம் எங்கே என்று குத்துமதிப்பாகத்தான் போக வேண்டும்.

போன வாரம் அப்படிப் போனதில் தகரம் மடங்கிப் புருஷனின் கால் தொடைவரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. சட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். அன்றிலிருந்து இடது தோள் எழும்பவில்லை. தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வாய் திறக்கவில்லை. வீட்டில் அவள்தான் சட்டை மாட்டிவிட்டாள்.

பதினோரு மணிக்குக் காற்று கிளம்பியது. பாதி ஏறின தகரம் திரும்பி அடித்தது. கயிற்றை வலது கையில் சுற்றியிருந்தவனை அது விளிம்புப் பக்கம் இரண்டு எட்டு இழுத்தது. கம்பி பாய்ந்து அண்ணனின் இடுப்புத் துண்டைப் பிடித்து உட்கார வைத்தான். தகரம் சுவரில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். அடுத்த தகரத்தைக் கட்டவில்லை. கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தகர அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மேஸ்திரி வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. மேல நடக்கப் பலகை வேணும். ஆளுக்கொரு சேஃப்டி பெல்ட் வேணும். போடுற தகரத்துக்கு மொத்த ஸ்க்ரூவும் அப்பவே முடுக்கணும். அதுவரைக்கும் அனுப்ப மாட்டேன்."

மேஸ்திரி சிரித்துப் பார்த்தார், அப்புறம் அதட்டிப் பார்த்தார். இருபது வருஷமாகக் கூரை போடுகிறாராம், பெல்ட்டைத் தொட்டதே இல்லையாம். நாளைக்குச் சரக்கு வந்து இறங்கப் போகிறதாம். கயிறு கட்ட வேறு ஆளா கிடைக்காது என்றும் சொன்னார். அதற்குள் கம்பி ஏணியில் இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணி அனுப்பலன்னா மேல எங்களுக்கு என்ன வேலை? காத்தைப் பிடிச்சு வெச்சு ஸ்க்ரூ போடவா?"

புருஷனும் இறங்கினான். ஏணியை ஒற்றைக் கையால் பிடித்து இறங்குவதை மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். அவன் தரைக்கு வந்ததும், கையைத் தூக்கு என்றார். தோளுக்கு மேல் போகவில்லை.

"எப்ப ஆச்சு?"

"போன வாரம்," என்றாள் அவள். "சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல. இப்ப நிறுத்தினாலும் சரி. ஆள் முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும்."

மேஸ்திரி ஆபீஸ் பக்கம் போனார். அங்கே பீரோவுக்குள் இரண்டு பெல்ட், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. அவற்றைத் தோளில் போட்டு, சாரத்துப் பலகை நாலைத் தானே சுமந்து வந்து போட்டார். தோள் ஆறுகிறவரை புருஷன் கீழே இருந்து ஸ்க்ரூவுக்கு வாஷர் கோக்கட்டும், கூலியில் கை வைக்க மாட்டேன் என்றார். அவனுக்குப் பதிலாக மேலே ஏறுவது தான்தான் என்று சொல்லிப் பெல்ட்டை மாட்டத் தொடங்கினார்.

"அண்ணே, அது கால் நுழைக்கிற ஓட்டை," என்றான் கம்பி. "தலையை எடுங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு புருஷன் அன்றுதான் சிரித்தான்.

அதன்பின் வேலை ஓடியது. உச்சிச் சட்டத்தில் தடித்த கயிற்றைக் கட்டி, அதில் பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டார்கள். பலகை சட்டத்துக்குச் சட்டம் தாங்கி நின்றது. போட்ட தகரத்துக்கெல்லாம் வரிசை முழுக்க ஸ்க்ரூ ஏறியது. காற்று வந்தால் அவள் நிறுத்துவாள். ஏன் என்று மேலிருந்து யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளியும் மானேஜரும் காரில் வந்தார்கள், கூடவே ஒரு கேமராக்காரர். ஆட்களை எவ்வளவு பத்திரமாக வைத்து வேலை வாங்குகிறோம் என்று காட்ட ஆபீஸ் சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டுமாம். பெல்ட் இரண்டையும் கொஞ்சம் கழற்றித் தரச் சொன்னார்கள். மேஸ்திரியும் கம்பியும் இறங்கி வந்து கழற்றிக் கொடுத்தார்கள். பிறகு மேஸ்திரி தானாகவே சொன்னார்.

"அது திரும்பி வர்ற வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாது."

நான்கு பேரும் சுவர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். முதலாளியும் மானேஜரும் சலவைச் சட்டைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, புதுக் கூரை பின்னால் தெரிகிற மாதிரி நின்றார்கள். படத்தில் விழுகிறீர்கள், தள்ளிப் போங்கள் என்று கேமராக்காரர் நால்வருக்கும் கையைக் காட்டினார். அவர்கள் எழுந்து வெயிலுக்கு நகர்ந்தார்கள். தரையில் கொக்கியை மாட்ட ஓர் இடமும் இல்லை. முதலாளி அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்.