இரண்டாவது வரிசையில் ஒரு குரல்

பாடகியைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காதல் தோல்வி என்றார் மெட்டமைத்தவர். தொண்டையில் ஏதோ கோளாறு என்றார் கிடார் வாசித்தவர். துறவியாகிவிட்டாள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் கச்சேரி ஏற்பாட்டாளர். அவள் புகழின் உச்சியில் மேடையை விட்டு இறங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. ஆவணப்படம் எடுக்கக் கிளம்பிய இயக்குநர் எல்லாக் கதையையும் பதிவு செய்தாள், ஒன்றையும் நம்பவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படிப் பாடிய ஒருத்தியால் எப்படி ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்பதுதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

பழைய ஒலிப்பதிவாளர் ஒருவர் தயங்கித் தயங்கி விலாசம் கொடுத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு தம்பியும் வந்தான். அக்கா எடுக்கும் படங்களுக்கெல்லாம் ஒளிப்பதிவு அவன்தான்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டி, தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். கையில் பாதி உரித்த பூண்டு.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? சரி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

"இத்தனை வருஷமா ஒளிஞ்சிருந்தீங்களே, மேடம்..."

"யாரு ஒளிஞ்சா? மார்க்கெட்டுக்குப் போறேன், பஸ்ல போறேன், ஜலதோஷம்னா டாக்டர்கிட்ட வரிசையில உட்கார்றேன். முடியை வெட்டினதும் உங்க யாருக்கும் அடையாளம் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகமும் வேண்டாம், பேச்சும் பதிவாக வேண்டாம் என்று அவள் சொன்னதும் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு அவள்தான் இவர்களைக் கேள்வி கேட்டாள். ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசினதை எப்படி ரெண்டு நிமிஷமாக்குவீங்க? வெட்டினதையெல்லாம் என்ன பண்ணுவீங்க? அக்காவும் தம்பியும் ஒன்றாக வேலை பார்த்தால் சண்டை வராதா? பதில் சொல்லிச் சொல்லி இயக்குநருக்குத் தான் வந்த வேலையே மறந்துவிடும்போல் ஆயிற்று.

"நீங்க ஏன் மேடையை விட்டீங்க?" என்று கடைசியில் போட்டு உடைத்தாள்.

பாடகி பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "கடைசிக் கச்சேரியில பாட்டு உச்சத்துக்குப் போற இடம். வாயைத் திறக்கறேன், வெறும் காத்துதான் வருது. மானம் போச்சுன்னு அப்படியே நிக்கிறேன். மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டுது! முன் வரிசையில ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கறார்."

"அவ்வளவு பிரியம் உங்க மேல."

"பிரியம்தாம்மா, இல்லைங்கல. ஆனா நான் பாடினாலும் ஒண்ணு, பாடாட்டியும் ஒண்ணுன்னு ஆனப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?"

"அப்ப பாட்டையே விட்டுட்டீங்களா?"

அவள் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "வியாழக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வேலை இருக்கா?"

நூலகத்தின் பின்புறக் கூடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். கோரஸ் குழு. நடத்துகிறவர் பகலில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இரண்டாவது வரிசைக் கண்ணாடிக்கார அம்மாவை அவருக்கு வீட்டுப் பெயரில்தான் தெரியும். குழுவைப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று பாடகி சொன்னதும் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார். பாட்டு பாதி போனதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரெண்டாவது வரிசை! இழுக்காதீங்க. அங்க யாரோ சுருதி இறங்குறீங்க. ஆமா, கண்ணாடி போட்ட அக்கா, உங்களைத்தான்."

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரை, யார், என்ன சொல்வது! ஆனால் பாடகியின் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பரிசு வாங்கியவள்போல அது மலர்ந்திருந்தது.

"சாரி தம்பி, இன்னொரு தடவை பாடறேன்," என்றாள் பாடகி. காதைத் தீட்டிக்கொண்டு பாடினாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். கைதட்டல் ஒன்றும் இல்லை.

"அக்கா, குளோசப் போகட்டுமா?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

ஒரே ஒரு குளோசப். ஊரே படத்தைப் பற்றித்தான் பேசும். இயக்குநர் அவன் தோளைத் தொட்டாள். "வேண்டாம்டா. எல்லாரையும் சேர்த்தே எடு."

படத்தொகுப்பு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும் என்று அவளே பீற்றிக்கொண்ட குரல். நாற்பது பேருக்கு நடுவே அது பிடிபடவே இல்லை. பொறுக்க முடியாமல் போனைப் போட்டாள்.

"மேடம், உங்க குரல் எதுன்னு எனக்கே தெரியல."

"நிஜமாவா? சும்மா சொல்லலையே?" என்று கேட்ட குரலில் அப்படி ஒரு துள்ளல்.

திரையிடல் அன்று கோரஸ் குழு திரண்டு வந்துவிட்டது, தங்களைத் தாங்களே திரையில் பார்க்க. கடைசிக் காட்சியில் பக்கத்தில் இருந்தவளைத் தட்டித் தட்டி, "அதோ நான், அதோ நீ!" என்று கூச்சல். கூச்சல் போட்டவர்களில் பாடகியும் ஒருத்தி.

படம் முடிந்ததும் ஒருவர் எழுந்தார். "காணாமப் போன பாடகியைப் பத்தின படத்துல, கடைசியில எதுக்கு இந்தக் கோரஸ்? சம்பந்தமே இல்லையே!"

மேடையில் மைக்கோடு நின்ற இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தாள்.

"பாட்டு எப்படிங்க இருந்தது?" என்று கேட்டாள்.

அவர் சற்று யோசித்தார். "நல்லாத்தான் இருந்தது," என்றார்.