பன்னிரண்டாவது துவக்கு

காலை ஐந்தரைக்கு எழும்புகிறேன். கிணற்றில் ஆறு வாளி அள்ளுகிறேன். நான்கு குளிக்க, இரண்டு குசினியில் சமைக்க. தேத்தண்ணி போடுகிறேன். இரண்டு துண்டு பாணை நேற்றைய சம்பலோடு தின்கிறேன். சேட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போடுகிறேன். பிறகு முன்னறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பன்னிரண்டு பேரின் மேலும் படிந்த தூசியைத் துடைக்கிறேன். ஏழே காலுக்குச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறேன். கணிதம் படிப்பிக்கிறேன்.

தூசி துடைப்பது முன்பு என் மனைவி யசிந்தாவின் வேலை. தை மாதம் நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனாள். இது 1990, சித்திரை.

பன்னிரண்டு பேரும் பொம்மைகள். ஒரு அடி உயரமான பிளாஸ்ரிக் போர்வீரர்கள். கழுத்து, முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். யசிந்தாவின் தகப்பன் யாகோப்பு பட்டினத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். 1968இல் சீமைக் கொம்பனி ஒன்று, கடை முகப்பில் வைப்பதற்கென்று மரப்படி, கண்ணாடிப் பெட்டி, பன்னிரண்டு பொம்மை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியது. ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து வாங்க வேண்டும். சில வருடத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. உள்ளே விற்க ஒன்றும் இல்லை, முகப்பு மட்டும் இருந்தது. கடை மூடப்பட்டது. பெட்டி யசிந்தாவோடு உடுவிலுக்கு, என் வீட்டுக்கு வந்தது.

பதினொரு பேருக்குச் சுடுகிற நீளத் துவக்கு. தொப்பி போட்ட அதிகாரிக்கு மட்டும் கைத்துவக்கு, தீக்குச்சி நீளம்.

1987 ஐப்பசியில் இந்திய ஆமி வீடு வீடாகத் தேடியது. யசிந்தா பன்னிரண்டு துவக்கையும் கழற்றி எங்கேயோ ஒளித்தாள். விளையாட்டுச் சாமான் என்று சொல்லி முடிக்க விடுவார்களோ தெரியாது என்றாள். ஆமி வந்தது. வெறுங்கையோடு நின்ற பொம்மைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. எங்கே வைத்தாய் என்று கேட்டேன்.

"தெரியாட்டி நீங்கள் சொல்லத் தேவையில்லைத்தானே" என்றாள். ஆமி நாட்டை விட்டுப் போகுமுன் அவளும் போய்விட்டாள்.

பங்குனியில் சந்தியோகு அண்ணை வந்தார். குருநகர் ஆள். ஒரு காலத்தில் யாகோப்புவின் கடையில் நின்றவர். இப்போது பழைய விளையாட்டுச் சாமான் தேடி வாங்கிக் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கிறார். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தார். கன்னத்துச் சாயத்தை விரலால் தொடாமல் மூக்கை வைத்து மணந்தார். முழங்கையை மடக்கிக் காதுக்குக் கிட்டப் பிடித்தார்.

"உள்ளுக்கை றப்பர் இன்னும் இறுக்கமாக் கிடக்கு. சப்பாத்து இருபத்துநாலும் இருக்கு" என்றார். "தம்பி, இந்த ஊரிலை கைகால் முழுசாப் பன்னிரண்டு ஆம்பிளையளை ஒரே இடத்திலை கண்டது உங்கடை வீட்டிலைதான். துவக்குகள் எங்கை?"

"இல்லை."

"துவக்கில்லாட்டி உவங்கள் ஆமியில்லை, பஸ்சுக்கு நிக்கிற சனம். வெள்ளைக்காரன் சும்மா எடுக்கமாட்டான். ஒரு சப்பாத்துக் குறைஞ்சாலே அரைப் பெறுமதி எண்டுறவன். கடை முகப்பு முழுசா, ஒண்டும் குறையாமல் எண்டால் அவன் சாப்பாட்டையும் விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருப்பான். விசரன்."

எனக்குப் பெறுமதி முக்கியமில்லை. பெட்டி வீட்டை விட்டுப் போனால் போதும். அதற்கு முன்னால் நிற்கும்போதுதான் அவள் இல்லை என்பது தெரிகிறது. மற்ற நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

"தேடிப் பாக்கிறன்" என்றேன். "கிடைச்சால் எல்லாத்தையும் கொண்டுபோங்கோ."

கோழிக்கூட்டடி, கிணற்றடி, எருக்கும்பி எல்லாம் கிண்டினேன். செம்மண்தான் வந்தது.

சித்திரை இரண்டாம் கிழமை வியாழக்கிழமை, தூசி துடைக்கும்போது, இடமிருந்து மூன்றாவது ஆளின் கையில் துவக்கு இருந்தது. ஈரமாக இருந்தது. துடைத்த துணியில் மணல் ஒட்டியது. வெள்ளை மணல்.

உடுவிலில் வெள்ளை மணல் இல்லை. எங்கள் வளவில் நடந்தால் காலைக் கழுவினாலும் நகத்தில் சிவப்பு நிற்கும். வெள்ளை மணல் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. யசிந்தாவைப் புதைத்த சேமக்காலையும் அங்கேதான்.

துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது வந்தது. சனிக்கிழமை மூன்றாவது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. திறப்பை அரைநாண் கொடியில் கட்டிக்கொண்டு படுத்தேன். ஞாயிறு நாலாவது வந்தது. நித்திரையில் நானே எழும்பிச் செய்கிறேனோ என்று பார்க்க, கட்டிலைச் சுற்றியும் பெட்டியைச் சுற்றியும் கோதுமை மா தூவினேன். காலையில் மா கலையவில்லை. என் கையிலும் மணல் இல்லை. ஐந்தாவது இருந்தது.

அடுத்த இரவு நாற்காலியில் விழித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாள் படுத்தேன். காலையில் புதிதாக இரண்டு இருந்தன.

அதன் பிறகு விழித்திருக்கவில்லை.

ஒன்பதாவது வந்த காலை, இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டிருந்ததைக் கண்டேன். இரண்டையும் நானே குடித்தேன். அன்றைக்குத்தான் கணக்கு விளங்கியது. இன்னும் மூன்று. பன்னிரண்டும் வந்தால் சந்தியோகு அண்ணை பெட்டியைக் கொண்டுபோவார். கொண்டுவர ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவள் வரத் தேவையில்லை.

பதினொன்றாவதோடு நின்றது. பத்து நாள் அதிகாரியின் கை வெறுமையாகவே இருந்தது. பதினோராவது நாள் சனிக்கிழமை. காலையில் பார்த்தபோது அந்தக் கை முழங்கையில் மடங்கி, உள்ளங்கை மேலே திரும்பியிருந்தது. அதில் ஒரு சிட்டிகை ஈர மணல். கைத்துவக்கு இல்லை. அந்த மணலை மட்டும் துடைக்கவில்லை.

அன்று பகல் சந்தியோகு அண்ணை வந்தார். வெங்காய லொறி ஒன்று கொழும்புக்குப் போகிறது, பெட்டியை அதில் ஏற்றலாம் என்றார். யசிந்தாவின் தமக்கை யோசப்பினும் அப்போதுதான் குருநகரிலிருந்து மீன் கொண்டு வந்திருந்தார். வந்த நாளெல்லாம் பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார்.

சந்தியோகு அண்ணை பதினொரு துவக்கையும் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எங்கை தம்பி எடுத்தனீர்?"

"வந்தது."

"வந்ததோ? நடந்தோ, பஸ்சிலையோ?" பூதக்கண்ணாடியை அதிகாரியிடம் கொண்டுபோனார். "உவனுக்கு மட்டும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான், பிச்சைக்காரன் மாதிரி. பரவாயில்லை. ஒரு தட்டாரைக் கொண்டு ஈயத்திலை வார்ப்பிச்சுக் கறுப்புப் பூசுவம். அவன் கண்டுபிடிக்கமாட்டான். இண்டைக்கே ஏத்துவம்."

"குடுத்துவிடு கிறகோரி" என்றார் யோசப்பின். "ஒரு பூசையும் ஒப்புக்குடுப்பம். உந்தப் பெட்டியை வைச்சுக்கொண்டு நீ இந்த வீட்டிலை தனியச் சமைச்சுத் தின்னுறதை நினைச்சால் எனக்கு நித்திரை வருகுதில்லை."

"வார்ப்பிக்க வேண்டாம்" என்றேன். "உண்மையான பன்னிரண்டாவது வரட்டும். வந்த அண்டைக்கு முழுசாக் கொண்டுபோங்கோ."

"வராட்டி?"

"வராட்டி இங்கை இருக்கட்டும்."

சந்தியோகு அண்ணை எழும்பினார். பூதக்கண்ணாடியை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளை கடைசி நேரத்திலை எங்கை வைச்சனெண்டு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"அவளுக்கு உந்த நினைப்பெல்லாம் எங்கை இருந்தது?" என்றார் யோசப்பின். "'மாதாவே' எண்டுதான் கடைசியாச் சொன்னவள். சவப்பெட்டியிலை வைக்கேக்கை வலக்கை பொத்தினபடி விரியவேயில்லை. நான்தான் மேலாலை செபமாலையைச் சுத்திவிட்டனான்."

இதை யோசப்பின் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். சுவாமியாரும் பிரசங்கத்தில் சொன்னார். அந்தக் கடைசி நேரம் யோசப்பின் செவ்விளநீர் வாங்க ஆசுப்பத்திரி வாசலுக்குப் போயிருந்தார். கட்டிலடியில் நான் மட்டும் இருந்தேன். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். யசிந்தா பொத்திய வலக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"கையை விரிச்சுப் பாக்காதேங்கோ. இது ஒண்டாவது என்னோடை இருக்கட்டும்."