ஆறு கஜம்

சலோமி தகரப் பெட்டியை மூன்றாவது முறையாகக் கவிழ்த்தாள். பாச்சை உருண்டைகள் கட்டிலுக்கடியில் ஓடின. வெள்ளைச் சேலை இல்லை.

"தேடாதம்மா," என்றார் தேவசகாயம். மனைவியின் தலைமாட்டில், மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்தார். "உங்கம்மா அதைப் போன வாரமே குடுத்துட்டா. பக்கத்துத் தெரு தங்கத்தோட மகளுக்கு ஞானஸ்நானம். உடுத்த நல்லதா ஒண்ணுமில்லன்னு அழுதுச்சாம்."

அன்னம்மா விடியற்காலையில் இறந்திருந்தாள். நான்கு மணிக்குப் பிடாடரி கல்லறைக்கு வண்டி. கல்யாணச் சேலை ஜப்பான்காரன் காலத்திலேயே அரிசிக்காகப் போய்விட்டது. மற்றவை சலோமி ஒட்டுப்போட்ட பழசுகள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்றே அவள் அந்த வெள்ளைச் சேலையை வாங்கிப் பெட்டியின் அடியில் ஒளித்தாள். அம்மா கண்டுபிடித்துச் சிரித்தாள். "எனக்கு உடுத்திவிட ஆண்டவருக்குத் தெரியாதாடி?"

"இப்ப என்னத்த உடுத்துறதுப்பா?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

"எப்பவும் அவரு என் காலாலதானே நடக்குறாரு!"

"காட்டுப் பூவைப் பாரும்மா, அதெல்லாம்..."

"அதுகளுக்குச் சவப்பெட்டி கிடையாதுப்பா."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

தீபாவளி. சிராங்கூன் ரோட்டில் கடைகள் சாத்தியிருந்தன. ஒரு ஜவுளிக்கடையில் மட்டும் பாதிக் கதவு திறந்திருந்தது. முதலாளி புதுவேட்டியில் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா? யாருக்கு?"

சொன்னாள். அவர் முகம் மாறியது.

"நல்ல நாளும் அதுவுமா, மொத வியாபாரமே இதுவா? வேற கலர் எடுத்துக்க. இல்லன்னா நாளைக்கு வா புள்ள, சும்மாவே தர்றேன்."

"நாளைக்கு எங்கம்மாவுக்குச் சேலை எதுக்குங்க?"

திரும்பி நடக்கையில் வெடிக் காகிதங்கள் செருப்பில் ஒட்டின. உதறினாள், போகவில்லை. சாப்பாட்டு ஜெபத்தில் அப்பா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். அரிசிக்கு, மீனுக்கு, தலைக்குமேல் இருக்கும் கூரைக்கு. தையல் கடைக்குப் போக ஆரம்பித்த இந்தப் பதினான்கு வருஷமும், கண்ணை மூடியபடி, தன் பெயர் வருகிறதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆமென் வந்துவிடும். சோறு ஆறியிருக்கும்.

வீட்டில் கீழ்வீட்டு பரீதா காத்திருந்தாள். கையில் மடித்த வெள்ளைத் துணி.

"தேவசகாயம் அண்ணன் சொன்னாரு. இது என் கபன் துணி. நான் மவுத்தானா போத்தணும்னு எங்க ஊட்டுக்காரரு ஹஜ்ஜுக்குப் போனப்ப ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் கொண்டாந்தது. இன்னும் வெட்டல. வேண்டியதக் கிழிச்சுக்க."

"அப்ப உங்களுக்குக்கா?"

"எனக்கு இன்னிக்கு வேணாம்லா."

சலோமி துணியைப் பிரித்தாள். முழங்கையால் அளந்தாள். ஆறு கஜம் வந்த இடத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டுக் கொடுத்தாள். பின்னால் அப்பாவின் குரல் எழுந்தது.

"கர்த்தாவே, உடுத்தக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்..."

அவள் கை நின்றது.

"பரீதாக்கான்னு சொல்லுங்கப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். "ஜெபத்துலயா?"

"ஆமா. ஜெபத்துலதான்."

"அட, விடு புள்ள," என்றாள் பரீதா. "துக்க வீட்டுல எதுக்கு?"

தேவசகாயம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி கண்ணை மூடினார். பரீதாவின் பெயரை மெதுவாகச் சொன்னார். நிறுத்தினார். அடுத்து ஏதோ சொல்ல உதடுகள் அசைந்தன. அதற்குள் சலோமி துணியை இரு கைகளாலும் பிடித்துக் கிழித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு பெண்களும் சேர்ந்து அன்னம்மாவுக்கு உடுத்தினார்கள். கரையில்லாத துணி. மடிப்பு நிற்காமல் சரிந்தது. சலோமி நான்கு இடத்தில் தையல் போட்டாள்.

முடிந்ததும் பரீதா மீதியை எடுத்து உதறினாள். நான்கு கஜம் இருக்கும். ஒருவரின் கபனுக்குப் போதாது என்று சலோமிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பரீதா அளக்கவில்லை. முனையோடு முனை சேர்த்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கோப்பி போட்டுக் கொண்டாறேன், நீ காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல," என்று படியிறங்கினாள்.