ஒரு சாண் தூக்கி, பத்து எண்ணி

கிரேன்காரருக்கு அந்தக் கட்டட வேலையில் எல்லாரும் வைத்த பெயர் 'நிரூபி'. மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட "நிரூபி பார்ப்போம்" என்பார். அவர் மனைவியின் தம்பி கீழே நின்று சுமைக்குச் சங்கிலி கட்டுகிறவன். கொக்கியை மாட்டினாலும் அல்லேலூயா, கழற்றினாலும் அல்லேலூயா. அதனால் அவன் பெயர் அதுவே ஆகிவிட்டது.

ஒருவர் உச்சியில், ஒருவன் தரையில், இருபது வருடம். நடுவில் ஒரே சண்டை: கடவுள் உண்டா, இல்லையா?

அந்த வாரம் சண்டை சூடேறிக் கிடந்தது. சனிக்கிழமை கிரேன்காரரின் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். மகள் அம்மா பக்கம், விசுவாசி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவரோ தன் கல்யாணத்தையே ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்தவர். "அந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்" என்று இருபது வருடமாக ஊரறியச் சொல்லி வந்தவர். மகள் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. சொன்ன சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தான். "அத்தான், பந்தயம். எல்லார் முன்னாடியும் வாதாடுவோம். நீங்க தோத்தா பொண்ணு கையப் பிடிச்சு உள்ள வரணும்."

"நீ தோத்தா?"

"ஒரு வருஷம் உங்ககிட்ட கடவுள்னு வாயத் திறக்க மாட்டேன்."

"ஒரு வருஷமா? அதுக்கே வாதாடலாமே!"

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தகரக் கொட்டகை நிரம்பி வழிந்தது. சிமென்ட் மூட்டை மேல், குழாய் மேல், கவிழ்த்த வாளி மேல் எல்லாம் ஆள். மேஸ்திரி நடுவர். சங்கிலி, கயிறு, கொக்கி எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் வேலை பார்க்கும் மகள், கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிரேன்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

மச்சான் எழுந்தான். "அந்தக் கிரேன் தானா முளைச்சுதா? ஒருத்தன் செஞ்சான். அப்ப இந்த உலகத்த?"

"கிரேன்ல ஒரு தகட்டுல கம்பெனி பேர் அடிச்சிருக்கு, நம்பர் இருக்கு" என்றார் இவர். "உலகத்துல அந்தத் தகடு எங்க? ஏறிப் பாத்தியா?"

கொட்டகை அதிர்ந்தது. வாளியில் உட்கார்ந்திருந்தவன் சிரித்துச் சிரித்துச் சரிந்தே விழுந்தான்.

"காத்து கண்ணுக்குத் தெரியுதா அத்தான்?"

"தெரியாது. ஆனா மேல காத்தளக்கிற மானி இருக்கு. முள் சிவப்புக்குப் போனா வேலைய நிறுத்துவேன். உன் ஆளுக்கு ஒரு மானி கொண்டா."

கைதட்டல். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. ஜெயித்தால் சனிக்கிழமை மகள் தனியாகத்தான் நடப்பாள். ஆனாலும் வாய் நிற்குமா? இருபது வருடப் பழக்கம். நெஞ்சில் கிடந்த பெரிய கல்லை எடுத்தே விட்டார்.

"போன வருஷம் சாரத்துலேர்ந்து விழுந்தானே பெயின்டர். தினம் உன்கூட முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினவன். அவன ஏன் உன் கடவுள் பிடிக்கல?"

மச்சான் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"தெரியாது அத்தான். தினம் கேக்கறேன். பதில் வரல. ஆனா சண்ட போட்டுக் கேக்கறதுக்கு எனக்கு ஒருத்தர் இருக்கார். உங்களுக்கு யார் இருக்கா?"

"அந்தச் சாரத்தக் கட்டினவன் இருக்கான். அவன் சட்டையப் பிடிச்சுக் கேப்பேன்."

பாதிப் பேர் இவர் பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம் கத்த, சங்கு ஊதிவிட்டது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "தீர்ப்பு சாயங்காலம். போங்கடா வேலைக்கு!"

கிரேன்காரர் ஏணியேறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்ட பதில்கள் இப்போதுதான் வரிசை கட்டி வந்தன. கீழே மச்சான் இரும்புக் குழாய்க் கட்டுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான். வாக்கி டாக்கி கரகரத்தது.

"அத்தான், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்க பொண்ணு மேல இருக்கிற பாசத்த எந்த மானியில அளந்தீங்க?"

"அடேய்! பாசத்துக்கு ஆதாரம் இருக்குடா! அவளுக்கு அம்மை போட்டப்போ பதினோரு நாள்..."

"தூக்குங்க!"

"...பதினோரு நாள் கண்ண மூடாம உக்காந்திருந்தேன், அது ஆதாரம் இல்லையா? உன் ஆள் ஒரு நாள் வந்து விசிறினானா?"

"உங்களத்தான் அனுப்பினாரே!"

"நான் யாரும் அனுப்பி வரல! அவ அப்பன் நான்!"

"நிறுத்து!" மேஸ்திரியின் குரல். "யோவ் நிரூபி! எங்கய்யா உன் ஒரு சாண்?"

பார்த்தார். குழாய்க் கட்டு மூன்றாவது மாடி உயரத்தில் ஆடாமல் தொங்கியது.

எந்தச் சுமையையும் முதலில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, பத்து எண்ணி, கட்டு வழுக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே ஏற்றுவார். காய்ச்சலிலும் தவறியதில்லை. இன்று தவறிவிட்டது. அவன் "தூக்குங்க" என்றான், தூக்கிவிட்டார்.

சுமையை அங்குலம் அங்குலமாகத் தரையில் இறக்கிவிட்டு, ஏணியில் இறங்கி வந்தார். கீழே திருவிழாக் கூட்டம். "நம்பிட்டாரு! பாக்காமலே நிரூபி நம்பிட்டாரு! அல்லேலூயா ஜெயிச்சான்!"

"நம்பிக்கையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல" என்றார். "அது தப்பு. இன்னொரு தடவ செஞ்சா என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க."

மேஸ்திரி மச்சான் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏன்டா முகம் வெளுத்திருக்கு? நீ கட்டின கட்டுதானே?"

"ஒரு தடவதான் பாத்தேன்" என்றான் அவன் மெதுவாக. "எப்பவும் மூணு தடவ இழுத்துப் பாப்பேன். இன்னைக்கு வாய் ஓடிக்கிட்டிருந்துச்சு... எப்படியும் அத்தான் ஒரு சாண்ல நிறுத்துவார்னு விட்டுட்டேன்."

"மூணு தடவயா?" கிரேன்காரர் ஆவேசமாகத் திரும்பினார். "இருபது வருஷமா மூணு தடவயா? கடவுள் பாத்துக்குவார்னு விடல?"

"கடவுள் பாத்துக்குவார். சங்கிலிய நான்தானே பாக்கணும்? கீழ ஆளுங்க நிக்கிறாங்க அத்தான்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வெடித்துச் சிரித்தது மச்சான். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை.

"சிரிப்பென்ன சிரிப்பு?" மேஸ்திரி கத்தினார். "ரெண்டு பேரும் ஆளக் கொல்லப் பாத்தீங்க. தீர்ப்பு இதான்: ரெண்டு பேரும் தோத்தீங்க. தோத்தவன் பந்தயத்தச் செய்யணும். நீ ஒரு வருஷம் வாய மூடு. நீ பொண்ணு கையப் பிடி."

ஆரவாரத்தில் தகரக் கூரை பறந்துவிடும் போலிருந்தது. மகள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வருவீங்களாப்பா?"

"நான் கும்பிட மாட்டேன்."

"கும்பிட யார் கூப்பிட்டா? என் கையப் பிடிக்கத்தானே கூப்பிட்டேன்."

கிரீஸ் படிந்த கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார். தொண்டை முள் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

"வாசப்படிக்கு உள்ள ஒரு சாண் வருவேன்" என்றார். "நின்னு பத்து எண்ணுவேன். கூரை இடிஞ்சு விழலன்னா மேல நடப்போம்."

மச்சான் வாயைத் திறந்தான். மேஸ்திரி அவனைப் பார்த்தார். வந்த அல்லேலூயாவை அவன் அப்படியே விழுங்கினான்.